ஓடக்கூடாத பந்தயம்

ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வருகிற ஒருத்தி, அது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று எப்படி நடப்பாளோ, அப்படி நடப்பதற்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு ஒரு தலைவர் இருக்கிறார். காலையில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள், அவர் எங்களைப் பார்த்து வீராங்கனைகளே என்றார், என்றுவிட்டு ஏசி காரில் ஏறிப் போய்விட்டார். வீராங்கனைகளாகிய நாங்கள் தூத்துக்குடி உப்பளங்களுக்கு நடுவே போகிற இந்தச் சாலையில், போவதும், ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றித் திரும்புவதும், வந்து மறுபடி போவதுமாக இடுப்பை ஆட்டிக்கொண்டு கிடக்கிறோம். மாநிலத் தேர்வு. இருபது கிலோமீட்டர் நடைப்போட்டி. முதல் இரண்டு பேர் தேசியப் போட்டிக்குப் போய் அங்கேயும் ஆட்டலாம். எந்நேரமும் ஒரு பாதம் தரையில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற காலின் முட்டி, குதிகால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதைத் தாண்டும்வரை மடங்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். வேகமாகப் போ, ஆனால் ஓடாதே. ஓடுவதற்கென்றே செய்த காலை வைத்துக்கொண்டு, ஓட வேண்டும் என்று உடம்பு கெஞ்சுகிற வேகத்தில், ஓடாமல் போ. இதைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் பெண்டாட்டி அவனை எந்த அவசரத்துக்கோ கூப்பிட்டிருப்பாள், போக இஷ்டமில்லாமல் போயிருப்பான். உப்பு ஏற்றுகிற லாரி ஒன்று தடுப்புக்கு அப்பால் நிற்கிறது. அதன் மேலே உட்கார்ந்திருக்கிற ரெண்டு பேர் நான் கடக்கும்போதெல்லாம் தோளால் தோளை இடித்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் லாரியிலிருந்து உருண்டு விழுந்து சிரித்திருப்பேன்.

பலகையில் என் எண்ணுக்கு நேரே ரெண்டு சிவப்புப் பொட்டு ஏறியாகிவிட்டது. தப்பு நடக்கும்போலத் தெரிந்தால் நடுவர்கள் முதலில் மஞ்சள் தட்டைக் காட்டுவார்கள், அது எச்சரிக்கை. நிஜமாகவே தப்பு என்று பட்டால் சிவப்பு அட்டை எழுதி அனுப்புவார்கள். அதை நம்மிடம் காட்டமாட்டார்கள். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரும்போது பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பரீட்சை முடிவு பார்க்கிற மாதிரி. மூன்று பேர் எழுதினால் தலைமை நடுவர் வேதமாணிக்கம் சார் சிவப்புத் தட்டோடு வந்து முகத்துக்கு நேரே நீட்டுவார், போட்டி முடிந்தது, ஓரமாகப் போய்விட வேண்டும். எனக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. அது வர வேண்டும் என்றுதான் இந்தச் சுற்று முழுக்க வேண்டிக்கொண்டு வருகிறேன். யாரும் நம்பமாட்டார்கள், பேச்சிமுத்து மட்டும் பாதி நம்புவார். என் வீட்டுக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், கீழே நடக்கிற எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்துப் பழகியவர். இந்த நடையை விட்டுவிடப் போகிறேன் என்று நான் எத்தனையோ தடவை அவரிடம் சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் மறுநாள் விடியுமுன் எழுந்து ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டிருப்பேன். இன்று காலையிலும் சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்று கேட்டார்.

“நீயா விடமாட்ட இசக்கி. அவங்க கழுத்தப் பிடிச்சி வெளிய தள்ளுனாத்தான் உண்டு.”

“தள்ளட்டும். இன்னைக்கு மூணாவது அட்டை விழுந்துட்டுன்னா இந்த ஜென்மத்துக்கு நடை முடிஞ்சிட்டு. பிள்ளை மேல சத்தியம்.”

பிள்ளை மேல் சத்தியம் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை, துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அதை விட்டால் வேறு எதன்மேல் செய்தாலும் நான் தாண்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். ஆகவே இப்போது எல்லாம் ஒரு அட்டையில் நிற்கிறது. விழுந்தால் வீட்டுக்கு. விழாவிட்டால் மறுபடி விடியுமுன் எழுவது, மறுபடி முட்டிக்குக் கீழே முன்னெலும்பில் அந்த நெருப்பு, மறுபடி மைதானத்தில் ஞானதுரை சாரின் விசில். நானாக விட்டேன் என்றால் முடியாமல் விட்டாள் என்பார்கள். துரத்தினார்கள் என்றால் யார் என்ன சொல்ல முடியும். முப்பத்து நாலு வயசுக்காரிக்கு இதைவிட கௌரவமான வழி கிடையாது. அது கிடைப்பதும் சுலபம்தான், தொப்பி போட்ட நடுவர் முன்னால் போய் முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் போதும். மடக்கு. இதோ தொப்பிக்காரர். மடக்கித் தொலை. மடங்கவில்லை. அவரைத் தாண்டியாயிற்று. அவர் என் முட்டியையே பார்த்தார், என் முட்டியும் விறைத்துக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி போயிற்று. சனியன்.

நடுவர்களை எங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். தொப்பிக்காரர் முட்டி பார்ப்பவர், பாதத்தைப் பார்க்கமாட்டார். குடை பிடித்திருக்கிற அம்மா பாதம் தரையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள், முட்டி பற்றி அவளுக்குக் கவலையில்லை. திரும்பும் கூம்புக்குப் பக்கத்தில் நிற்கிற செல்போன்காரர் ரெண்டையும் பார்ப்பார், செல்போன் அடிக்காத நேரத்தில். ஒருத்தரைத் தாண்டி அடுத்தவர் வருகிறவரைக்கும் உள்ள தூரம் எங்களுடையது. அங்கே எல்லோரும் பறப்போம். எல்லோரும். மேடையில் ஒழுக்கம் பற்றிப் பேசுகிற, பதக்கம் பதக்கமாகக் குவித்து வைத்திருக்கிற ஒவ்வொருத்தியும். பின்னங்கால் தரையை விட்ட பிறகுதான் முன்னங்கால் இறங்கும், நடுவில் ஒரு இம்மி நேரம் ரெண்டும் அந்தரத்தில். சட்டப் புத்தகமே இடம் கொடுத்திருக்கிறது, மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி தரையை விடக்கூடாது என்று எழுதியிருக்கிறான். மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி. அப்படியென்றால் தெரியாதபடி விடலாம். இதைத் திருடன்தான் எழுதியிருக்க வேண்டும், அல்லது கல்யாணத் தரகர். ஞானதுரை சார் ஒரு நாள் என்னைச் செல்போனில் படமெடுத்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். ரெண்டு காலும் அந்தரத்தில், வாய் பிளந்து, கண் செருகி, அறுக்கப் பிடித்த கோழி தப்பித்து எம்புகிற மாதிரி இருந்தேன். சார் இது தப்பில்லையா என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியலல்லா, விடு என்றார். அவர் என் பயிற்சியாளர், பதினாறு வயதிலிருந்து எனக்கு நல்லது கெட்டது சொல்லித் தந்தவர். மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி. இந்த வார்த்தை ஒவ்வொரு எட்டுக்கும் கூடவே வருகிறது, வலது காலுக்கு மனிதக் கண்ணுக்கு, இடது காலுக்குத் தெரியும்படி. இதை நிறுத்தத் தெரியவில்லை. பலகைப் பக்கம் வருகிறேன். இன்னும் ரெண்டு பொட்டுத்தான். ஞானதுரை சார் தண்ணீர் மேஜைக்குப் பின்னாலிருந்து தரைய விடாத, தரைய விடாத என்று கத்துகிறார். விட்டால்தானே சார் நான் வீட்டுக்குப் போக முடியும். நனைத்த ஸ்பாஞ்சை எடுத்துத் தலையில் பிழிகிறேன். உப்பு கலந்து கண்ணுக்குள் இறங்குகிறது.

நடைக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. ஓட்டத்தில் தோற்றவர்களைக் கொண்டுவந்து கொட்டுகிற இடம் இது. நானும் ஓடிக்கொண்டிருந்தவள்தான், எந்தப் போட்டியிலும் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்து, மேடைக்குக் கீழே நின்று மற்றவர்களுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தவள். ஒரு நாள் ஞானதுரை சார் என்னை ஓரமாகக் கூட்டிப்போய், ஓட்டத்துல கூட்டம் ஜாஸ்தி, நடையில ஆளே கிடையாது, பேர் கொடுத்தா மெடல் என்றார். அப்படியே நடந்தது. மாவட்டப் போட்டியில் மொத்தமே மூன்று பேர், அதில் ஒருத்தி ஓடிவிட்டாள் என்று வெளியேற்றினார்கள், நான் கடைசியாக வந்து வெள்ளி வாங்கினேன். வீட்டில் பாயசம் வைத்தார்கள். பேப்பரில் என் படம் வந்தது, இடுப்பு ஒரு பக்கம் போக, தலை இன்னொரு பக்கம் போக. அந்தப் பேப்பரை என் அப்பா கடையில் பொட்டலம் மடிக்க விடாமல் பத்திரமாக வைத்திருந்தார். அப்புறம் மாநிலம், அப்புறம் தேசியப் போட்டியில் ஆறாவது, அப்புறம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆபீஸ் வேலை. சோறு போட்டது இந்த ஆட்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. சோறு போடுகிறவர்களை எல்லாம் நமக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமா. ஆபீசில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே அவர்களுக்கு என்னைக் காட்டுவார்கள். மேடம் எப்படி நடப்பாங்கன்னா என்று டைப்பிஸ்ட் வனஜா கையைக் கோழிச் சிறகாக மடக்கிக்கொண்டு பீரோவிலிருந்து ஜன்னல் வரை நடந்து காட்டுவாள். மோசமாக நடந்து காட்டுவாள். முட்டியை மடக்குவாள். எனக்குக் கோபம் வருவது அந்த முட்டியைப் பார்த்துத்தான். இவர்களை விடு. அந்த பஸ். அதை நினைக்கக் கூடாது. நினைத்தாயிற்று. பழைய பஸ் ஸ்டாண்டில் என் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது, எட்டிப் பிடித்துவிடலாம், எந்தப் பெண்ணாக இருந்தாலும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்பாள். நான் நடந்தேன். கையை மடக்கி, இடுப்பைச் சுழற்றி, குதிகாலை நீட்டி நீட்டி வைத்து, கைப்பையும் சாப்பாட்டுக் கூடையும் ரெண்டு பக்கமும் ஆட, பஸ்ஸுக்குப் பின்னால் நடைப்போட்டி நடந்தேன். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, யக்கா, ஓடி வாங்க என்றார். ஓட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். கால் கேட்கவில்லை. பஸ் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது. டிரைவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஏறினதும் தலை நரைத்த ஒரு பாட்டா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், இடுப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துவிட்டார் பாவம். ஓடத் தெரியாமல் நடக்க வந்தேன், நடந்து நடந்து இப்போது அவசரத்துக்குக்கூட ஓட வராது. இந்த ஆட்டம் எனக்குத் தந்தது இவ்வளவுதான்.

சுகிர்தா பக்கத்தில் வந்துவிட்டாள். இவளும் ஞானதுரை சாரிடம் பழகுகிறவள், இருபத்திரண்டு வயது, மூச்சு வாங்குவதுகூட அழகாக இருக்கும் வயது. நான் முன்னால் போக, எதிர்க்காற்று என்மேல் அடிக்க, எனக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மூச்சை மிச்சம் பிடித்து, கடைசிச் சுற்றுகளில் தாண்டிப் போக வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லித்தந்த திட்டம். எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. யக்கா நல்லா போறீங்க என்கிறாள். போட்டியின் நடுவில் என்ன பேச்சு. இவள் என்னை அம்மா என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிடுவதே பெரிய தயவு என்று நினைத்துக்கொண்டிருப்பாள். கூம்பை நோக்கிப் போகிற வழியில் நடுவர் இல்லாத இடம் வந்ததும் பறக்கிறாள், பச்சையாகப் பறக்கிறாள், ஷூவுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறது. இவளுக்குப் பலகையில் ஒரு பொட்டுக்கூட கிடையாது. இவளுடைய அந்தரத்தை மனிதக் கண் பார்க்காது, சின்ன வயசல்லவா. போ, தாயே. தேசியப் போட்டிக்குப் போ. ரயிலில் கழிவறைப் பக்கத்துப் பெர்த்தில் போய், பள்ளிக்கூட பெஞ்சில் படுத்து, கறுத்துப்போன கால்விரல் நகம் கழன்று சாக்ஸோடு வருவதைப் பார்த்துக்கொண்டு, ஆறாவதாக வந்து, உனக்கும் ஒரு பீரோவும் ஒரு வனஜாவும் கிடைக்கட்டும். முட்டிக்குக் கீழே முன்னெலும்பு கொதிக்கிறது. கெண்டைக்கால் வலிக்கலாம், தொடை வலிக்கலாம், அதெல்லாம் மனிதர்களுக்கு வருகிற வலி, இந்த எலும்பு ஓரத்து வலி நடைக்காரிகளுக்கு மட்டும். இது நாளைக்கு இருக்காது. அட்டை விழுந்துவிட்டால் நாளைக்கு நான் ஏழு மணிவரை தூங்கலாம். தூங்கி எழுந்து என்ன செய்வேன். தோசைக்குச் சட்னி அரைப்பேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளுவேன். சாயங்காலம் கடற்கரைப் பூங்காவில், சர்க்கரை வியாதிக்காரர்கள் கையை வீசிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றுவார்களே, அவர்களோடு சுற்றுவேன். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, கொஞ்சம் வேகமாகப் போனால்தான் உடம்புக்கு நல்லது என்று புத்தி சொல்வாள். அய்யோ. அவளை நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கழுத்தைப் பிடித்துத் தள்ளட்டும் என்று வாயால் சொல்லிவிட்டேன். பிள்ளை மேல் சத்தியம் வேறு. பேச்சிமுத்து துப்பினது அதனால்தான்.

சுகிர்தா முன்னால் போய்விட்டாள். முதுகு சிறுத்துக்கொண்டே போகிறது, போகட்டும். இரண்டாவது இடம் எனக்கு இருக்கிறது, பின்னால் யாரும் கிட்டத்தில் இல்லை. சாலையில் நான் மட்டும். ரெண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வெள்ளைத் தண்ணீர், உப்பைக் குவித்து ஓலை மூடி வைத்திருக்கிறார்கள், கடல் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. நடுவர் யாரும் இல்லாத நீளம் இது. பறக்கலாம். பறக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை, பறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. குதிகால் இறங்குகிறது, பாதம் உருண்டு விரலுக்குப் போகிறது, விரல் தரையை விடுமுன் அடுத்த குதிகால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒன்று கொடுக்க, ஒன்று வாங்க. இடுப்பு தன்பாட்டுக்குச் சுற்றுகிறது, எண்ணெய் போட்ட கீல் மாதிரி சத்தமில்லாமல். முட்டி நேராக வந்து, உடம்பு அதன்மேல் ஏறி, இறங்கி. எலும்பு வலி எங்கே போனது. மனிதக் கண்ணுக்கு, தெரியும்படி என்று இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த பல்லவிகூட நின்றுவிட்டது. தரை என்னை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது. இப்படி நான் இதுவரை நடந்ததே இல்லை, தேசியப் போட்டியில்கூட இல்லை. இது ரொம்ப நன்றாக இருக்கிறது. வாய்விட்டுச் சொன்னேனா. சொன்னால் என்ன, யார் இருக்கிறார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது. பதினெட்டு வருஷமாக இந்த அசிங்கத்தை ஆடியது இப்படி ஒரு தடவை நடப்பதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைக்கிறேன், நினைத்ததும் சிரிப்பு வருகிறது, பைத்தியக்காரி, சர்க்கரை வியாதிக்காரிகூட இப்படிப் பேசமாட்டாள். சிரித்துக்கொண்டே கூம்பைச் சுற்றுகிறேன். செல்போன்காரர் இந்த முறை செல்போனைப் பையில் வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார். பாருங்கள், நன்றாகப் பாருங்கள், இப்படி ஒரு நடையை நீங்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறீர்கள். திரும்பி வருகிறேன். லாரிக்காரர்கள் சிரிக்கவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை. பலகை தெரிகிறது. இன்னும் தூரத்தில் இருப்பதால் பொட்டு தெரியவில்லை. பலகைக்கு முன்னால் வேதமாணிக்கம் சார் நடுச்சாலைக்கு வந்து நிற்கிறார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். யாருக்கோ. பாவம், யாருக்கோ. கை முன்னால் வருகிறது. சிவப்பு.

எனக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. தட்டு என் மூக்குக்கு நேரே நிற்கிறது. அவர் ரிடையரான பி.டி. வாத்தியார், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். ஓரமா வாம்மா, நம்பரைக் கழட்டிக் கொடுத்துரு என்கிறார். விழுந்துவிட்டது. நான் கேட்டது. ஞானதுரை சார் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், தண்ணீர் மேஜையில் நாற்காலி காலியாக இருக்கிறது, போய் உட்காரலாம், ஷூவைக் கழற்றலாம், நாளைக்கு ஏழு மணிவரை தூங்கலாம். இப்போது நிம்மதியாக இருக்க வேண்டும். எங்கே அது.

“எங்க சார்? எந்த இடத்துல?”

“கூம்பு திரும்புற இடத்துலம்மா. தரை விட்டுப்போச்சு.”

“அந்த இடத்துலயா? அங்க நான் விடல சார்.”

நடுவர் எழுதிட்டாரும்மா, நான் ஒண்ணும் செய்ய முடியாது என்கிறார். அது எனக்குத் தெரியாதா. முந்தின சுற்றில் எழுதியிருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன் சார். அதற்கு முந்தினதிலும் பறந்தேன், முதல் சுற்றிலிருந்து பறந்தேன், எந்த இடம் என்று கேளுங்கள், விரல் வைத்துக் காட்டுகிறேன். வருஷக்கணக்காகப் பறந்திருக்கிறேன், அப்போதெல்லாம் எழுதாமல் விட்டவர்கள் இப்போது எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு நீளம்தான் நான் நடந்தது. இதை எல்லாம் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா. நெஞ்சில் குத்தின நம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவர் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார், ஊக்கைக் கழற்ற எனக்கு வரவில்லை. பாருங்க சார், நடந்து காட்டுதேன் என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, கடைக்காரனிடம் செல்லாத நோட்டை நல்ல நோட்டு என்று சாதிக்கிறவள் குரல். கூம்புகளுக்கு வெளியே, சாலையோரத்து உப்பு மண்ணில் இறங்கி நடக்கிறேன். குதிகால், பாதம், விரல். மண் உள்வாங்குகிறது, தாரில் வந்த மாதிரி வரவில்லை, ஆனால் விடவில்லை சார், பாருங்கள், ஒரு கால் எப்போதும் கீழே இருக்கிறது. முட்டியையும் பாருங்கள். ஞானதுரை சார் இசக்கி, போதும், வா என்று கூப்பிடுகிறார். லாரி மேலிருந்து ஒருத்தன் விசிலடிக்கிறான். சுகிர்தா இன்னொரு சுற்று முடித்துத் தாண்டிப் போகிறாள், என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வேதமாணிக்கம் சாரும் வருகிறவர்களைப் பார்க்கத் திரும்பிவிட்டார், அவருக்கு அவர் வேலை. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்குமோ என்னவோ. நான் அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அங்கிருந்து மறுபடி அவரை நோக்கி நடந்து வருகிறேன்.